ஒரே குறியீடு இரண்டு பதிவுக்கு விழுந்தால்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பிஹெச்பியில் கூப்பன் தளம் ஒன்று எழுதியிருக்கிறேன். கூப்பனுக்கு 6 இலக்க ரேண்டம் எண். செலக்ட் (தேடும் கட்டளை) போட்டு, அந்த எண் ஏற்கெனவே இல்லை என்று பார்த்த பிறகுதான் இன்சர்ட் (புதுப் பதிவு எழுதும் கட்டளை) செய்கிறேன். அப்படியும் ஒரே எண் இரண்டு பேருக்குப் போயிருக்கிறது!

பதில்: செலக்டுக்கும் இன்சர்ட்டுக்கும் நடுவே உள்ள சில மில்லிசெகண்டில்தான் கோளாறு, தம்பி. இரண்டு பேர் ஒரே சமயத்தில் பட்டனை அழுத்தினால் இரண்டு கோரிக்கைக்கும் "இல்லை" என்றே பதில் வரும், இரண்டும் எழுதிவிடும். இதை உங்கள் நிரலால் தடுக்க முடியாது, டேட்டாபேஸால்தான் முடியும். கூப்பன் எண் இருக்கும் நெடுவரிசையில் யூனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பை இரண்டாம் முறை ஏற்காத ஏற்பாடு) போடுங்கள். தேடாமல் நேரே இன்சர்ட் செய்யுங்கள். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் 1062 பிழையை (இந்த மதிப்பு ஏற்கெனவே இருக்கிறது என்பது) தந்தால் புது எண் எடுத்து மறுபடி முயலுங்கள். ஒன்றில் மட்டும் கவனம்: மின்னஞ்சல் போன்ற வேறொரு யூனிக் நெடுவரிசையாலும் அதே 1062 வரும். எந்த இண்டெக்ஸ் என்று பார்க்காமல் சுற்றவிட்டால் லூப் முடியவே முடியாது. ஐந்து முயற்சி என்று வரம்பு வையுங்கள்.

கேள்வி: 10 லட்சம் எண்கள் இருக்கின்றனவே, என்னிடம் 2,000 கூப்பன்கூட இல்லையே?

பதில்: 23 பேர் கூடினாலே இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கப் பாதிக்குமேல் வாய்ப்பு உண்டு. அதே கணக்குதான் இதுவும். 10 லட்சத்தில், சுமார் 1,180 பதிவிலேயே மோதல் வாய்ப்பு பாதியைத் தொட்டுவிடும். 32 எழுத்துகளிலிருந்து 8 இடக் குறியீடு எடுங்கள். அந்த எல்லை 12 லட்சம் பதிவுக்குத் தள்ளிப்போகும்.

கேள்வி: சார், அந்த 32 எழுத்து எவை? எங்கள் வாடிக்கையாளர்கள் போனில் படித்துச் சொல்வார்கள்.

பதில்: நிரலாளர் டக்ளஸ் கிராக்ஃபோர்டின் பேஸ்32 எழுத்துத் தொகுதி உங்களுக்கென்றே செய்தது போல இருக்கும். பத்து எண்கள், 22 ஆங்கில எழுத்துகள். ஐ, எல், ஓ, யூ நான்கும் கிடையாது. யாராவது ஓ என்று டைப் செய்தால் பூஜ்யமாகவும், ஐ அல்லது எல் என்றால் ஒன்றாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பிஹெச்பியின் யூனிக்ஐடி ஃபங்ஷன் போதாதா?

பதில்: போதாது. அது கடிகாரத்தின் மைக்ரோசெகண்டைத்தான் தருகிறது, ஊகித்துவிடலாம். கூப்பன் என்றால் பணம். ஊகிக்க முடியாத எண்ணுக்கு பிஹெச்பி 7 முதல் ரேண்டம்_இன்ட் இருக்கிறது, பைத்தான் 3.6 முதல் சீக்ரெட்ஸ் இருக்கிறது.

கேள்வி: யூயூஐடியையே (128 பிட் தனி அடையாள எண்) பிரைமரி கீயாக (ஒவ்வொரு வரிசையையும் அடையாளம் காட்டும் முதன்மை மதிப்பு) வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். ஆனால் அதன் பதிப்பு 4 கிட்டத்தட்ட முழுக்க ரேண்டம். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி வரிசைகளைப் பிரைமரி கீ ஒழுங்கில்தான் அடுக்குகிறது. ஒவ்வொரு இன்சர்ட்டும் எங்கோ நடுவில் போய் நுழைவதால், டேபிள் பெருக்கப் பெருக்க எழுதும் வேகம் குறையும். 2024இல் ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தர ஆவணம் தந்த பதிப்பு 7இல் நேரம் முதலில் வருவதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் பதிவு எப்போது உருவானது என்பது அதில் வெளியே தெரியும். உள்ளே சாதாரண ஆட்டோ இன்க்ரிமென்ட் (தானாக ஒவ்வொன்றாகக் கூடும் எண்), வெளியே காட்ட தனி நெடுவரிசையில் ரேண்டம் குறியீடு. நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

கேள்வி: ஏற்கெனவே ஓடும் டேபிளில் யூனிக் இண்டெக்ஸ் ஏற மறுக்கிறது, அண்ணா.

பதில்: உள்ளே இரட்டைகள் இருக்கின்றன. குரூப் பை (ஒரே மதிப்புள்ளவற்றைச் சேர்த்து எண்ணும் கட்டளை) போட்டு ஒன்றுக்கு மேல் வருபவற்றை எடுங்கள். வாடிக்கையாளர் கைக்குப் போகாத குறியீட்டை மட்டும் மாற்றுங்கள். இரண்டுமே போய்விட்டிருந்தால், முதலில் அவர்களிடம் பேசிவிட்டு அப்புறம் தொடுங்கள்.