திருவருகைக் காலத்தில் மனதில் நம்பிக்கையே இல்லை என்றால் என்ன செய்வது?

ஊரே ஸ்டார் கட்டிக் குடில் ஜோடிக்கும்போது உங்களுக்கு மட்டும் வெறுமையாக இருக்கிறது என்கிறீர்கள். ஸ்டாரும் கேக்கும் கேரல் பவனியும் கிறிஸ்துமஸுக்கு உரியவை. நாம்தான் அவசரப்பட்டு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறோம். திருவருகைக் காலம் என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட காத்திருப்பின் காலம், குருவானவர் ஊதா உடை அணியும் காலம். ஞாயிறு திருப்பலியில் 'உன்னதங்களிலே' என்று தொடங்கும் வானவர் கீதம்கூடப் பாடுவதில்லை.

அம்மாவின் ஊர் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தது. பத்து, பதினைந்து நாள் கடலிலேயே தங்கித் தொழில் செய்யும் போட்டுகள் பல அப்போது ஆழ்கடலில் இருந்தன. டிசம்பர் 3, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. முதல் வாசகம் எசாயா: வானத்தைப் பிளந்து இறங்கி வரமாட்டீரா என்று ஆண்டவரிடம் முறையிடும் பகுதி. அன்றைக்கென்று யாரும் தேர்ந்தெடுத்ததில்லை, ஞாயிறு வாசகங்கள் மாறி மாறி வரும் மூன்றாண்டுச் சுற்றில் அந்த ஞாயிறுக்கு வருவதே அதுதான். நற்செய்தி மாற்கு 13. வீட்டுத் தலைவர் மாலையில் வருவாரோ, நள்ளிரவிலோ, சேவல் கூவும்போதோ தெரியாது, விழித்திருங்கள். கோயிலில் இருந்த பெண்கள் மூன்று இரவாகத் தூங்கியிருக்கவில்லை. அவர்களுக்கா இதைச் சொல்ல வேண்டும்? என் பெரியம்மா பாதியில் எழுந்து கடற்கரைக்குப் போய்விட்டார்.

பெரியப்பாவின் போட்டு மகாராஷ்டிரத்தில் கரை சேர்ந்ததாகப் பிறகு போன் வந்தது. பக்கத்து வீட்டுக்கு அப்படி ஒரு போன் வரவே இல்லை. இரண்டு வீட்டிலும் ஒரே ஜெபத்தைத்தான் சொன்னார்கள். அதனால், ஜெபித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பழைய பைபிளில் விசுவாசம், நம்பிக்கை என்றிருந்ததை, இப்போது கோயிலில் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு பைபிளில் நம்பிக்கை, எதிர்நோக்கு என்று ஆக்கியிருக்கிறார்கள். 'எதிர்நோக்கு' எனக்குப் பிடிக்காமல் இருந்தது, ஏதோ அரசாங்கக் கடிதத்தில் வரும் வார்த்தை மாதிரி. கரையில் நின்றவர்களைப் பார்த்த பிறகு பிடித்துவிட்டது. அவர்கள் மனதில் தைரியமெல்லாம் ஒன்றும் இல்லை. கடலைப் பார்த்தபடி நின்றார்கள், அவ்வளவுதான்.

எனவே உற்சாகத்தை வலிய வரவழைக்காதீர்கள். வாசகங்களே டிசம்பர் 17 முதல்தான் இயேசுவின் பிறப்பை நோக்கி முழுதாகத் திரும்பும். அதுவரை மத்தேயு 11-ஐ எடுத்து மெதுவாகப் படியுங்கள். திருமுழுக்கு யோவான் சிறையில் இருந்துகொண்டு, வரவேண்டியவர் நீர்தானா, இல்லை வேறு ஒருவருக்குக் காத்திருக்க வேண்டுமா என்று ஆள் அனுப்பிக் கேட்கிறார். யோவானுக்கே சந்தேகம்! இயேசு கோபப்படவில்லை, பார்வையற்றோர் பார்க்கிறார்கள், நடக்க முடியாதவர்கள் நடக்கிறார்கள், போய்ச் சொல்லுங்கள் என்கிறார். யோவான் என்னவோ சிறையிலிருந்து வெளியே வரவே இல்லை. அதையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதால்தான் எனக்கு அந்தப் பகுதியின் மேல் மரியாதை.

பெரியம்மா இப்போதும் முதல் ஞாயிறு மாலையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போவார். இரண்டு பேரும் அதிகம் பேச மாட்டார்கள். சாயா குடித்துவிட்டு, இருட்டிய பிறகு வருவார்.