கணக்கு எண் மாறிவிட்டது என்று மெயில் வந்தால் பணம் அனுப்பலாமா?

வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை கடிதங்களில் பாதிக்கு மேல் தமிழ்நாடு-கேரள எல்லைப் பக்கத்து இறக்குமதிக்காரர்கள் எழுதியவை. முந்திரிக்காரர், மரக்காரர் என்று ஆள் வேறானாலும் எல்லாருக்கும் ஒரே கவலைதான். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சிறிய அண்டி ஆபீஸ் (முந்திரி ஃபாக்டரி) நடத்துகிறோம். ஐவரி கோஸ்ட்டிலிருந்து தோட்டண்டி (உடைக்காத முந்திரிக்கொட்டை) தூத்துக்குடி வழியாக வருகிறது, சப்ளையர் பல வருடப் பழக்கம். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, பி.எல். (கப்பல் சரக்கு ரசீது) ஸ்கேனும் வந்துவிட்டது. பேலன்ஸ் அனுப்பப் போகும் நேரத்தில், "எங்கள் வங்கியில் ஆடிட் நடக்கிறது, இந்த ஒரு தடவை வேறு கணக்குக்கு அனுப்புங்கள்" என்று மெயில். பழைய மெயிலின் தொடர்ச்சியாகவே வந்திருக்கிறது. கப்பல் பெயர், மூட்டைக் கணக்கு, அவுட்டர்ன் (மூட்டைக்குக் கிடைக்கும் பருப்பின் அளவு) எல்லாம் சரியாக இருக்கின்றன. மகன் அனுப்பலாம் என்கிறான், எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யட்டும், சார்?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர், கருங்கல்

பதில்: அனுப்பாதீர்கள். விளக்கத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம், முதலில் அந்தப் பணத்தை நிறுத்துங்கள்.

விவரமெல்லாம் சரியாக இருப்பதால்தான் மகன் நம்புகிறார். ஆனால் இந்த மோசடியில் விவரம் எப்போதுமே சரியாகத்தான் இருக்கும். உங்கள் மெயில் பெட்டியிலோ சப்ளையருடையதிலோ நடுவில் இருக்கும் புரோக்கருடையதிலோ ஒருவன் முன்பே நுழைந்து, வாரக்கணக்கில் எதையும் தொடாமல் எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டு இருந்திருப்பான். ஒப்பந்தம், கப்பல், பேலன்ஸ் தேதி எல்லாம் அவனுக்குத் தெரியும். பணம் போகும் நாள் நெருங்கும்போது மட்டும்தான் வாயைத் திறப்பான். ஆடிட், வரிப் பிரச்சினை, கணக்கு முடக்கம் என்று காரணம் மாறும், கேட்பது ஒன்றுதான்: வேறு கணக்கு, அதுவும் அவசரம்.

இப்போதே மூன்று விஷயம் பார்த்துவிடுங்கள். அனுப்பியவர் முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் எம் போலத் தெரியும், எல் இருக்கும் இடத்தில் ஒன்று என்ற எண்ணைப் போட்டாலும் கண்ணுக்குப் படாது. அடுத்தது, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது கேட்கும் வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடு. அதில் ஐந்தாவது, ஆறாவது எழுத்துகள் நாட்டைக் காட்டும்; ஐவரி கோஸ்ட் என்றால் சி, ஐ, கானா என்றால் ஜி, எச், தான்சானியா என்றால் டி, இசட். ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரத்துக்காரர் பணத்தை ஐரோப்பாவிலோ ஹாங்காங்கிலோ கேட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும். நிஜமான சப்ளையர் சிலருக்கும் வெளிநாட்டுக் கணக்கு உண்டு, ஆனால் அது ஒப்பந்தம் போட்ட அன்றே உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்றாவது, உங்கள் மெயிலின் செட்டிங்ஸில் ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டையும் திறந்து பாருங்கள். நீங்கள் போடாத விதி ஒன்று அங்கே இருந்தால், சப்ளையர் எழுதும் உண்மையான பதில் உங்கள் கண்ணில் படாமல் வேறெங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இந்த மூன்றும் சரியாக இருந்தாலும் பணம் அனுப்ப அது போதாது. போன் செய்ய வேண்டும். அதுவும் அந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்கு அல்ல, பழைய ஒப்பந்தத்திலோ உங்கள் டைரியிலோ இருக்கும் எண்ணுக்கு, நீங்களாக. அவர்கள் உங்களைக் கூப்பிட்டால் அது கணக்கில் சேராது, இப்போது குரலையே போலியாகச் செய்கிறார்கள். வாட்ஸ்அப் மெசேஜும் வேண்டாம், அந்தக் கணக்கையும் பிடித்துவிட முடியும். மொழிச் சிக்கல் இருந்தால் பிரெஞ்சு தெரிந்த புரோக்கரை லைனில் வைத்துக்கொண்டு பேசுங்கள், கணக்கு எண்ணை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

நமக்குப் படிப்பு குறைவு, அதனால் ஏமாறுகிறோம் என்று நினைக்க வேண்டாம். லிதுவேனியாவைச் சேர்ந்த ரிமசௌஸ்கஸ் என்பவர், தைவானின் குவாண்டா கம்ப்யூட்டர் பெயரில் லாட்வியாவில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, போலி இன்வாய்ஸ் அனுப்பியே 2013 முதல் 2015 வரை கூகுள், ஃபேஸ்புக் இரண்டிடமிருந்தும் 10 கோடி டாலருக்கு மேல் வாங்கிவிட்டார். 2019-ல் ஐந்து வருடம் சிறைத் தண்டனை கிடைத்தது. இந்த வகை மெயில் மோசடியில் 2023-ல் மட்டும் அமெரிக்க எஃப்.பி.ஐ.யிடம் பதிவான இழப்பு சுமார் 290 கோடி டாலர். கூகுளின் கணக்குப் பிரிவே பார்க்காமல் விட்டதை உங்கள் மனசு பிடித்திருக்கிறது, அதை நம்புங்கள்.

அடுத்த சீசனுக்கு முன் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: வங்கிக் கணக்கு மாறினால் கையெழுத்திட்ட கடிதமும் இரு தரப்பும் பேசி உறுதி செய்ததும் இல்லாமல் அது செல்லாது என்று. முடிந்த இடத்தில் சரக்குப் பத்திரங்களை வங்கி மூலமாகவே வாங்குங்கள். எல்.சி. (பணத்துக்கு வங்கி பொறுப்பேற்கும் கடிதம்) செலவு கூடுதல் என்று முந்திரிக்காரர்கள் ஒதுங்குவது தெரியும், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் டி.பி. முறையில் (பணம் கட்டிய பிறகே வங்கி பத்திரத்தைக் கொடுப்பது) வந்தால்கூடப் பணம் எங்கே போக வேண்டும் என்பது வங்கிக்கும் வங்கிக்கும் இடையில் போகிற தாளில் இருக்கும், ஒரு மெயிலால் அதை மாற்றுவது எளிதில்லை.

கேள்வி: நாங்கள் அனுப்பியே விட்டோம். நாலாம் நாள் சப்ளையர் "பேலன்ஸ் எங்கே" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்தோம். ஃபாக்டரி பாறசாலையில், வங்கிக் கணக்கு மார்த்தாண்டத்தில். இரண்டு பக்கத்து போலீஸும் அங்கே போ, இங்கே போ என்கிறார்கள்.
- வாசகி, களியக்காவிளை

பதில்: உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது, அதனால் வரிசையாகச் சொல்கிறேன். 1930-க்கு அழைத்தது சரிதான், ஆனால் அது முக்கியமாக நம் நாட்டு வங்கிகளுக்குள் பணத்தை மறிக்கும் ஏற்பாடு. வெளிநாட்டுக்குப் போன பணத்துக்கு உங்கள் வங்கியின் ஃபாரெக்ஸ் (அந்நியச் செலாவணி) பிரிவுதான் வழி. இன்றைக்கே எழுத்தில் கொடுங்கள்: மோசடி நடந்திருக்கிறது, ஸ்விஃப்ட் மூலம் ரீகால் (பணத்தைத் திருப்பிக் கேட்கும் செய்தி) அனுப்புங்கள், பெறும் வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவுக்குத் தனியாகத் தகவல் கொடுங்கள் என்று. கிளை மேலாளரிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தால் போதாது, கடிதத்தின் நகலில் சீல் வாங்குங்கள். பெறும் வங்கி இருக்கும் நாட்டிலும் போலீஸ் புகார் இருந்தால் கணக்கை முடக்குவது எளிதாகும், அதற்கு சப்ளையரையும் கூட நிற்கச் சொல்லுங்கள். நாலு நாள் தாமதம் பெரிய தாமதம்தான், ஆனாலும் பணம் இன்னும் நகராமல் இருக்கும் வாய்ப்பு இருக்கிறது, ஒரு மணி நேரம்கூட வீணாக்க வேண்டாம்.

எல்லைத் தகராறுக்கு இனி இடமில்லை. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. மின்னஞ்சலிலும் கொடுக்கலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும். பிரிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், பேச்சு மாறும். அதோடு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிந்து அந்த எண்ணை வங்கிக்குக் கொடுங்கள்.

ஒரு மெயிலையும் அழிக்காதீர்கள், கணினியை ஃபார்மேட் செய்யவும் விடாதீர்கள். யாருடைய பெட்டி உடைந்தது என்பது நாளை சப்ளையரோடு நஷ்டத்தைப் பங்கு போடும்போது பெரிய கேள்வியாக வரும், அதற்கு ஆதாரம் அந்த மெயில்களின் ஹெட்டரில்தான் (எங்கிருந்து, எந்த வழியாக வந்தது என்ற விவரம்) இருக்கிறது. கண்டெய்னர் தூத்துக்குடியில் இறங்கிவிட்டால் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஓட ஆரம்பிக்கும், ஒரிஜினல் பத்திரமோ சப்ளையர் கையில். கோபத்தில் பேச்சை முறித்துக்கொள்ளாமல் முதலில் சரக்கை எப்படி விடுவிப்பது என்று அவரிடம் பேசி முடியுங்கள். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். போன பணத்துக்கு பில் ஆஃப் என்ட்ரி (சரக்குக்காகச் சுங்கத்தில் கொடுக்கும் படிவம்) வராது, அதனால் ரிசர்வ் வங்கியின் இறக்குமதிக் கண்காணிப்புக் கணக்கில் அந்தத் தொகை நிலுவையாகவே நிற்கும். எஃப்.ஐ.ஆர். நகலோடு வங்கிக்கு இப்போதே எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த சரக்குக்குப் பணம் அனுப்பும்போது இடறும்.

கேள்வி: எங்கள் சி.எச்.ஏ. (சுங்க ஏஜெண்ட்) வசதிக்காக டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் சுங்கத் துறை இணையதளமான ஐஸ்கேட்டின் பாஸ்வேர்டையும் அவர் ஆபீஸிலேயே வைத்திருக்கிறார். தப்பா?
- மர வியாபாரி, செங்கோட்டை

பதில்: தப்புதான், அவர் எவ்வளவு நல்லவரானாலும். அவர் நல்லவர் என்பதல்ல பிரச்சினை, அவர் ஆபீஸில் வந்து போகிற பையன்களும் அந்தக் கணினியில் ஏறுகிற வைரஸும்தான். டோக்கனும் பின் நம்பரும் சேர்ந்தால் அது நீங்கள் போட்ட கையெழுத்து, பிறகு நான் போடவில்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. சி.எச்.ஏ. தன் சொந்த டோக்கனில் கையெழுத்திட்டே உங்களுக்காக பில் ஆஃப் என்ட்ரி போடலாம், நீங்கள் கொடுக்க வேண்டியது அதிகாரக் கடிதம் மட்டும்தான். ஐஸ்கேட்டிலும் வெளிநாட்டு வர்த்தக இயக்ககமான டி.ஜி.எஃப்.டி.யிலும் பதிவான போன் எண், மெயில் முகவரி இரண்டும் உங்களுடையவையா என்று பாருங்கள். அவருடையதாக இருந்தால் ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போகிறது. வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் ஐ.இ.சி. (ஏற்றுமதி இறக்குமதி எண்) விவரத்தைப் புதுப்பிக்கிறீர்களே, அந்த வேலையை நீங்களே உட்கார்ந்து செய்யுங்கள்.

கேள்வி: துறைமுகத்தையே ஹேக் செய்கிறார்கள் என்கிறார்கள். அது பெரிய கம்பெனிகளின் பிரச்சினைதானே, பத்து கண்டெய்னர் இறக்குகிற நமக்கு என்ன?
- வாசகர், புனலூர்

பதில்: அடி அவர்களுக்கு விழுந்தாலும் டெமரேஜ் உங்களுக்கு. 2017 ஜூன் 27-ல் உக்ரைனில் ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட்டில் புகுந்த நாட்பெட்யா என்ற வைரஸ், மேர்ஸ்க் கப்பல் கம்பெனியை உலகம் முழுக்க முடக்கியது. மும்பை ஜே.என்.பி.டி.யில் அவர்கள் நடத்திய முனையமும் நின்றது. 4,000 சர்வர், 45,000 கணினி எல்லாவற்றையும் பத்து நாளில் புதிதாக ஏற்றினார்கள், நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர். அதில் என் மனதில் நிற்பது கானா. மேர்ஸ்க் நெட்வொர்க்கின் முக்கியப் பதிவு உலகம் முழுக்க அழிந்துபோனபோது, கானா ஆபீஸில் மட்டும் மின்வெட்டால் அணைந்து கிடந்த ஒரு சர்வரில் அது தப்பியிருந்தது. 2023 ஜூலையில் ஜப்பானின் நகோயா துறைமுகமும், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரால் இரண்டு நாளுக்கு மேல் கண்டெய்னர் அசைக்க முடியாமல் நின்றது.

உங்கள் டேலி கணக்குக்கும் அதே கதைதான், கணினியோடு இணையாமல் இருக்கும் நகல்தான் தப்பும். பேக்கப் எடுக்கிறோம் என்று எல்லாரும் சொல்கிறார்கள், போய்ப் பார்த்தால் அந்த ஹார்டு டிஸ்க் எப்போதும் கணினியிலேயே செருகியிருக்கும். ரான்சம்வேர் வந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும். எடுத்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள், அடிக்கடி அதிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஆடிட்டர் வீட்டிலிருந்து பார்ப்பதற்காக ரிமோட் டெஸ்க்டாப்பை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருந்தால் இன்றே மூடச் சொல்லுங்கள், சிறிய ஆபீஸ்களில் கள்ளன் நுழைவது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

துறைமுகமோ கப்பல் கம்பெனியோ முடங்கினால் உங்களுக்கு உதவுவது காகிதம். பி.எல்., இன்வாய்ஸ், சி.எச்.ஏ., லாரிக்காரர் எண்கள் எல்லாம் அச்சில் ஒரு ஃபைலில் இருக்கட்டும். டெமரேஜ் இல்லாத இலவச நாட்களை நீட்டிக்கச் சொல்லி அன்றைக்கே கப்பல் கம்பெனிக்கு எழுதுங்கள். பில் ஆஃப் என்ட்ரி தாமதமானாலும் தக்க காரணம் இருந்தால் சுங்கச் சட்டம் 46-வது பிரிவில் தாமதக் கட்டணத்திலிருந்து விலக்குக் கேட்க முடியும், அதற்கு அந்த நேரத்து ஸ்கிரீன்ஷாட்டும் அறிவிப்பும் வேண்டும்.

கேள்வி: "கஸ்டம்ஸிலிருந்து பேசுகிறோம், உங்கள் கண்டெய்னரை நிறுத்தி வைத்திருக்கிறோம், யு.பி.ஐ.யில் அபராதம் கட்டுங்கள்" என்று போன். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல். நிஜமா?
- வாசகர், புளியரை

பதில்: இல்லை. சுங்க வரியோ அபராதமோ யாருடைய யு.பி.ஐ.க்கும் போவதில்லை. 2019 நவம்பரிலிருந்து சுங்கத் துறையின் கடிதங்களில் டி.ஐ.என். என்ற ஆவண அடையாள எண் போட ஆரம்பித்தார்கள், அதை மறைமுக வரி, சுங்க வாரியமான சி.பி.ஐ.சி.யின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். எண் இல்லாத தாளுக்குப் பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். அந்த ஃபைலின் பெயர் ஏ.பி.கே. என்று முடிந்தால் அது ஒரு ஆப், தொடாமல் அழித்துவிடுங்கள். தொட்டு இன்ஸ்டால் ஆகிவிட்டிருந்தால் போனை ஃபிளைட் மோடில் போட்டு, வேறொரு போனிலிருந்து வங்கிக்கு அழைத்து நெட் பேங்கிங்கை நிறுத்தச் சொல்லுங்கள்.