'ஆமென்' சொல்வது எதற்கு?

அன்புள்ள ஐயா,

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்ற புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவன், என் மனைவி கத்தோலிக்கர். பெங்களூரில் அவருடைய பங்குக் கோவிலுக்கு நானும் உடன் செல்வதுண்டு. கிறிஸ்துவின் உடலாக அப்பத்தைப் பெறும் நற்கருணை வரிசைக்கு அவர் எழுந்து செல்லும்போது நான் பெஞ்சிலேயே அமர்ந்திருக்கிறேன். கிறிஸ்து ஒருவர்தானே, நடுவில் திருச்சபை ஏன் குறுக்கே நிற்கிறது? கத்தோலிக்கர் கிறிஸ்துவின் இடத்தில் திருச்சபையை வைத்துவிட்டார்கள் என்று எங்கள் ஆயர் சொல்வது சரியா?

ஒரு வாசகர், பெங்களூர்

அன்புள்ள நண்பருக்கு,

நான் கத்தோலிக்கன், பதிலில் அந்தச் சாய்வு தெரிந்தால் கழித்துக்கொள்ளுங்கள். (உங்கள் பக்கத்தில் ஆயர் என்றால் சபைப் போதகர், எங்கள் பக்கத்தில் பிஷப், ஒரு கணம் திடுக்கிட்டேன்.)

உங்கள் ஆயரின் கூற்றை என்னால் ஏற்க முடியவில்லை. கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏடே, மக்களினங்களுக்கு ஒளி கிறிஸ்து என்றுதான் தொடங்குகிறது. திருச்சபையை விசுவாசிகளின் தாய் என்று எழுதியவர்களில் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி கால்வினும் ஒருவர் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

வேறுபாட்டின் வேர் விவிலியத்தில் எபேசியர் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் தெரிகிறது. பவுல் அங்கே சபையைக் கிறிஸ்துவின் உடல் என்கிறார். அதே மூச்சில் அவருடைய மணப்பெண்ணாகவும் காட்டுகிறார். உடலைத் தலையிலிருந்து பிரிக்க முடியாது. மணப்பெண்ணோ மணமகனுக்கு எதிரே நின்று அவன் சொல்லைக் கேட்பவள், அவனால் கழுவப்படுபவள். கத்தோலிக்க மரபு பெரும்பாலும் உடலில் ஊன்றி நின்றது. கால்வின் வழிவந்த சீர்திருத்த மரபு, இறைவசனமே சபையைப் பிறப்பிக்கிறது, ஆகவே வசனம் சபையைக் கண்டிக்கவும் செய்யும் என்று, அந்த எதிர்நிலையை விடாமல் காத்தது. இவ்விரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்யக்கூடும் என்று கத்தோலிக்கருக்கும் சீர்திருத்த சபைகளுக்கும் இடையே 1990இல் முடிந்த உரையாடல் ஒப்புக்கொண்டது. மார்ட்டின் லூத்தர் வழிவந்த லூத்தரன் சபையாருடன் 1999இல் ஆக்ஸ்பர்க்கில் கையெழுத்தான கூட்டறிக்கை, விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுதலில் அடிப்படை உடன்பாட்டை எட்டியது. திருச்சபை பற்றிய கேள்வியையும் வேறு சிலவற்றையும் பின்னால் தள்ளிவைத்தது.

நீங்கள் அமர்ந்திருக்கும் பெஞ்சு அந்தத் தள்ளிவைத்த கேள்விக்குள்தான் கிடக்கிறது. குருவானவர் அப்பத்தை உயர்த்திக் 'கிறிஸ்துவின் திருவுடல்' என்கிறார். உங்கள் மனைவி 'ஆமென்' என்கிறார். பீடத்தின் மேல் இருப்பது நீங்களேதான், நீங்கள் எதுவாக இருக்கிறீர்களோ அதற்கே ஆமென் சொல்கிறீர்கள் என்று புதிதாகத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றவர்களுக்குப் பழங்காலத் திருச்சபையின் பிஷப் புனித அகுஸ்தீன் போதித்தார். அந்த ஒரு சொல்லால் அப்பமாகிய உடலுக்கும் சபையாகிய உடலுக்கும் சேர்த்தே இசைவு தருவதாகக் கத்தோலிக்கர் கொள்வதால், இரண்டாவதில் முழு ஒன்றிப்பு இல்லாதவரை முதலாவதற்குப் பொதுவாக அழைப்பதில்லை. உங்கள் சபையோ, பந்தி ஆண்டவருடையது, அழைப்பதும் அவரே என்கிறது.

இந்தத் தர்க்கம் எனக்கு விளங்குகிறது. உங்கள் வீட்டை நினைத்தால்தான் தடுமாறுகிறேன். திருமுழுக்குப் பெற்ற இருவருக்கிடையே முறையாக நடந்த திருமணத்தை, ஒருவர் புராட்டஸ்டண்டாக இருந்தாலும், எங்கள் திருச்சபை அருட்சாதனமாகவே, அதாவது இறையருளைத் தரும் புனிதச் சடங்காகவே, ஏற்கிறது. கிறிஸ்துவுக்கும் திருச்சபைக்கும் உள்ள உறவின் அடையாளம் என்று அதே எபேசியர் அதிகாரத்தைச் சுட்டிச் சொல்கிறது. அந்த அடையாளமாக வாழும் இருவரில் ஒருவர் வரிசையிலும் மற்றவர் பெஞ்சிலும் ஏன் என்று நீங்கள் கேட்டிருந்தால், எங்கள் பங்குத் தந்தையிடமே நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.