கடவுளை நம்பும் விஞ்ஞானியை நேரில் பார்த்ததுண்டா? இரண்டையும் எப்படி ஒன்றாக வைத்துக்கொள்கிறார்கள்?

பார்த்திருக்கிறேன். அதுவும் எங்கள் லாயத்தில், கணுக்கால் வரை சேற்றோடு.

எங்களுக்கு மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். தாத்தாவும் பாட்டியும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அப்பா மட்டும் இளவயதிலேயே ஈப்போவுக்குப் போய்ப் பந்தயக் குதிரைகளுக்கு சைஸ் வேலை, அதாவது குதிரைக்காரன் வேலை, பார்த்தார் (தோட்ட லயத்து வீட்டில் பிறந்து லாயத்தில் வளர்ந்தவன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்), அப்புறம் ஓடி ஓய்ந்து யாருக்கும் வேண்டாமல் போன குதிரைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து செம்பனை (பாமாயில் பனை) தோட்டத்தை ஒட்டிய எங்கள் நிலத்தில் கட்டிவிட்டார். மொத்தம் ஆறு. கல்யாண ஊர்வலம், பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் சவாரி, வருகிற காசு தீவனத்துக்கே போய்விடும்.

நான் ஐந்தாம் படிவம் (பதினேழு வயசு) படித்த வருஷம் ராணி என்ற பெட்டைக் குதிரை நொண்ட ஆரம்பித்தது. இன்றைக்கு முன்கால் என்றால் நாளைக்குப் பின்கால். வந்து பார்த்த வைத்தியர் சுளுக்கு என்றார். போகப் போக முகமும் கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் புடைத்தது. முனியாண்டி கோவில் சிமெண்டுக் குதிரைக்கு அந்த வருஷம் வர்ணம் பூசாத குற்றம்தான் என்றார் பாட்டி.

அந்தச் சமயத்தில் அம்மாவின் பள்ளித் தோழி ஒருவர் சும்மா குதிரை பார்க்க வந்தார். கால்நடைத் தீவன ஆராய்ச்சியில் முனைவர், ஞாயிறு தவறாமல் தமிழ் மெதடிஸ்ட் சபைக்குப் போகிறவர். பாட்டி விடவில்லை. "உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லு தாயி." ஆன்ட்டி ராணியின் கழுத்தில் கை வைத்துக் கண்ணை மூடினார், அரை நிமிஷம் இருக்கும். கண்ணைத் திறந்ததும் கேட்டது: "அண்ணே, என்ன புல் போடுறீங்க?"

நேப்பியர், கொஞ்சம் செட்டாரியா. அதோடு தெம்புக்கென்று தினம் தவிடு, அதில் அப்பாவுக்குத் தனிப் பெருமை.

கோளாறே அங்கேதான். இந்த வெப்பமண்டலப் புற்களில் ஆக்சலேட் என்ற ஒரு பொருள் இருக்கிறது, அது குடலிலேயே கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது, உடம்பு வேறு வழியில்லாமல் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவுகிறது, உருவிய இடத்தில் நார்த்திசு வளர்ந்து முக எலும்பு வீங்குகிறது. ஆஸ்திரேலியாவில் இதைப் 'பெருந்தலை' என்றே சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு மாடுகள் அதே புல்லைத் தின்று கொழுத்துத் திரிந்தனவே என்று அப்பா கேட்டார். மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைப் பெரும்பாலும் சிதைத்துவிடும், குதிரைக்கு அந்த வயிறே கிடையாது. தவிடு இன்னும் மோசம், அதில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் சொற்பம். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மாவு மில்காரர்களின் குதிரைகளுக்குத் தவிடு தின்றே இந்த நோய் வந்திருக்கிறது. அப்பா முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும், பாவம்.

எனக்கு உயிரியல் பாடம் தலைக்கேறியிருந்த வயசு. சாப்பிடும்போது கேட்டே விட்டேன், "புல்லுதான் காரணம்னா ஜெபம் எதுக்கு ஆன்ட்டி?" அவர் கோபப்படவில்லை. "காரணம் என் கண்ணுல படணும்னுதான் கேட்டேன்" என்றார். சாமர்த்தியமான பதில் என்று அப்போது நினைத்தேன், இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

பரிணாமத்தைப் பற்றியும் கேட்காமல் நான் விடவில்லை. ஆன்ட்டி பேச்சை வளர்க்காமல் என்னை லாயத்துக்குக் கூட்டிப்போய், ராணியின் முன்காலில் முட்டிக்குக் கீழே பின்பக்கமாகத் தடவச் சொன்னார். பெரிய எலும்பின் இரண்டு ஓரத்திலும் பென்சில் மாதிரி மெலிந்துகொண்டே போய்ச் சின்னக் குமிழாக முடியும் இரண்டு எலும்புகள் விரலில் தட்டுப்பட்டன. பக்க விரல்களின் மிச்சம். சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் நாய் அளவே இருந்த ஆதிக் குதிரைக்கு முன்காலில் நான்கு விரல்கள். "வேதத்துல எனக்குப் புரியாத இடம் நிறைய இருக்கு. அதுக்காக இந்த எலும்பு இல்லைன்னு சொல்ல முடியுமா?" அவ்வளவுதான், பிரசங்கம் ஏதும் இல்லை.

அப்புறம் அப்பாவிடம் பைபிளில் யோபு 39ஆம் அதிகாரத்தைப் பற்றிச் சொன்னார். குதிரை தரையைக் கிளறுவதும், தூரத்திலிருந்தே போரை மோப்பம் பிடிப்பதும் அதில் வருகிறது. அப்பா மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இதை எழுதினவன் பந்தயத்துக்கு முன்னாடி குதிரை பக்கத்துல நின்னவன்தான்" என்றார். வேதத்தைப் பற்றி அவர் அபிப்பிராயம் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

தவிடு நின்றது, புல் மாறியது, சுண்ணாம்புக்கல் தூளோடு வேறு தாது உப்பும் தீவனத்தில் சேர்ந்தது. சில மாதத்தில் ராணி நொண்டாமல் நடந்தது, முக வீக்கம் மட்டும் முழுசாக வடியவில்லை. பாட்டி முனியாண்டிக்குச் சேவல் அறுத்துச் சுருட்டு வைத்து, சிமெண்டுக் குதிரைக்கும் வெள்ளை அடித்துவிட்டு, ஆன்ட்டிக்குப் போன் போட்டு "எங்க சாமி கைவிடல தாயி" என்றார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம், பிறகு, "சந்தோஷம் பாட்டி. சுண்ணாம்புத் தூள் நிறுத்திடலையே?"