புகை தெரிந்தது, அருவி தெரியவில்லை

கேள்வி: விக்டோரியா அருவியில் ஏப்ரல் மாதம்தான் தண்ணீர் அதிகம் என்கிறார்கள். அப்போது போனால் முழு அழகையும் பார்த்துவிடலாம் அல்லவா?

பதில்: அந்த ஆசையில்தான் நானும் முதல் தடவை ஏப்ரலில் போனேன். 1,708 மீட்டர் அகலமும் 108 மீட்டர் உயரமும் கொண்ட அருவி எனக்கு எதிரே இருந்தது. நான் பார்த்தது வெறும் வெள்ளைதான். ஆப்பிரிக்காவில் சாம்பியா, ஜிம்பாப்வே நாடுகளின் எல்லையில் ஓடும் சாம்பேசி ஆறு அங்கே ஒரு குறுகலான பாறைப் பிளவுக்குள் விழுகிறது. நாம் நிற்பது பிளவின் மறுகரையில், ஏறக்குறைய அருவியின் தலைமட்டத்தில். அடியில் மோதிய தண்ணீர் சாரலாகக் கிளம்பி, நம்மைத் தாண்டி மேலே போய், மறுபடி நம் தலையிலேயே கொட்டும். கீழிருந்தும் மேலிருந்தும் நனைக்கிற மழைக்கு எந்தக் குடை ஈடுகொடுக்கும்? வாடகைக்கு எடுத்த மழைக்கோட்டின் கழுத்து வழியே இறங்கிய தண்ணீர் காலுறை வரை வந்து சேர்ந்தது. ஒரு கணம் காற்று திசைமாறியதில் கறுத்த பாறை விளிம்பு ஒன்று தென்பட்டது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் அதுவும் போயிற்று.

வேடிக்கை என்னவென்றால், அப்பகுதியில் அப்போது மழைக்காலம் முடிந்திருக்கும். சாம்பியாவின் வடமேற்கிலும் அங்கோலாவிலும் பெய்த மழை, வழியில் பரோட்சே சமவெளியில் கடல்போலப் பரந்து நின்று, சாவகாசமாக இறங்கி வருகிறது. அதனால் வானம் வெளுத்த பிறகுதான் ஆறு பெருகும். என்னைக் கேட்டால் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்டுக்குள் போங்கள். தண்ணீரும் இருக்கும், பாறையும் தெரியும்.

கேள்வி: எந்தப் பக்கம் நல்லது? சாம்பியாவா, ஜிம்பாப்வேயா?

பதில்: அருவியின் முக்கால் பங்கு ஜிம்பாப்வே பக்கமிருந்துதான் கண்ணுக்கு எதிரே தெரியும். ஆண்டு முழுவதும் அங்கே ஓரளவாவது தண்ணீர் விழும். இரண்டாம் முறை அக்டோபர் இறுதியில் சாம்பியா பக்கம் போனேன். அருவி விழ வேண்டிய இடத்தில் காய்ந்த எரிமலைப் பாறைச் சுவர்தான் நின்றது. வெள்ளக் காலத்தில் மறுமுனையே தெரியாத 'கத்திமுனைப் பாலம்' என்ற நடைபாலத்தின் கைப்பிடியில் ஒரு தட்டான் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த வறட்சியிலும் ஒரு லாபம் உண்டு: ஆறு எப்படிப் பாறையை அறுத்திருக்கிறது என்று அன்றுதான் புரிந்தது. பாறையின் விரிசல்களைக் குடைந்து குடைந்து அருவி பின்வாங்கிக்கொண்டே போயிருக்கிறது. கீழே வளைந்து வளைந்து போகும் பள்ளத்தாக்குகள் எல்லாம் ஒரு காலத்தில் அருவி விழுந்த இடங்கள்.

முடிந்தால் இரண்டு பக்கமும் பாருங்கள். 1905இல் திறந்த பாலம் இரு நாடுகளையும் இணைக்கிறது, நடந்தே கடக்கலாம். ஆனால் ஒருமுறை நுழைவதற்கான விசாவோடு அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பினால் மறுபடி விசாக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். என்னோடு வந்த ஒருவர் கட்டினார். அன்று மாலை வரை யாரோடும் பேசவில்லை.

கேள்வி: அருவியின் விளிம்பில் உள்ள 'சாத்தான் குளத்தில்' குளிக்க வேண்டும் என்று என் மகன் அடம் பிடிக்கிறான். அனுப்பலாமா?

பதில்: நீச்சல் தெரிந்தால், வழிகாட்டியோடு, ஆற்றில் நீர் வற்றியிருக்கும் காலத்தில் மட்டும். ஆகஸ்டு நடுவிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை பொதுவாக அனுமதிப்பார்கள். விளிம்பை ஒட்டி நீருக்கடியில் ஒரு பாறை வரப்பு இருக்கிறது, ஆளைத் தடுத்து நிறுத்துவது அதுதான். நான் இறங்கவில்லை. மற்றவர்களின் துண்டுகளுக்குக் காவல் இருந்தேன். அதற்கும் ஒரு ஆள் வேண்டுமே.

கேள்வி: இந்த அருவியைக் கண்டுபிடித்தவர் ஸ்காட்லாந்துப் பயணி லிவிங்ஸ்டன்தானே?

பதில்: 1855 நவம்பரில் அவரைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டிய உள்ளூர்க்காரர்களுக்கு அது முன்பே தெரிந்திருந்ததே! மோசி-ஓ-அ-துன்யா, 'முழங்கும் புகை' என்று அவர்கள் பெயரும் வைத்திருந்தார்கள். விக்டோரியா ராணியின் பெயரை அவர் சூட்டினார். ஏப்ரலில் போய் வந்தவன் என்ற முறையில் பழைய பெயருக்கே என் ஓட்டு.

கேள்வி: விலங்குகளைப் பார்க்கத் தனியாகக் காட்டுக்குப் போக வேண்டுமா?

பதில்: யானைக் கூட்டம் பார்க்க போட்ஸ்வானாவின் சோபே தேசியப் பூங்காவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடலாம். துதிக்கையை மட்டும் வெளியே நீட்டியபடி யானைகள் ஆற்றைக் கடப்பதைப் படகிலிருந்து பார்க்கலாம். மலேரியா உள்ள பகுதி, புறப்படும் முன்பே மருத்துவரிடம் மாத்திரை கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றபடி விலங்குகளே ஊருக்குள் வந்துவிடும். நான் தங்கிய விடுதியின் புல்வெளியில் காட்டுப்பன்றி ஒன்று முன்னங்கால்களை மடித்து, மண்டியிட்டு மேய்ந்தது. அருவிப் பாதையில் பபூன் குரங்குகள் ஜாக்கிரதை. பிளாஸ்டிக் பை என்றால் உள்ளே சாப்பாடு என்று அவற்றுக்கு முடிவாகிவிட்டது. என் பையைப் பிடுங்கிக்கொண்டு போன ஒன்று, அதிலிருந்த ஈரக் காலுறையை எடுத்து முகர்ந்து பார்த்தது. பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதைக் கீழே போட்டுவிட்டுப் போனது.