இரும்புப் பெட்டியின் வயது எங்கே எழுதியிருக்கிறது?

தாத்தா காலத்து இரும்புப் பெட்டி, பெயர் தெரியாத பூட்டு, திறக்க மறுக்கும் பெட்டகம் என்று பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். முழுதும் படித்து முடிக்கும்வரை டிரில், உப்புத்தாள், பெயின்ட் மூன்றையும் தயவுசெய்து தொடாதீர்கள்.

காரைக்குடியிலிருந்து: எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியின் பித்தளைத் தகட்டில் "சப் அண்ட் சன், 128 குவீன் விக்டோரியா ஸ்ட்ரீட், லண்டன்" என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. 1840இல் வாங்கியதாக அப்பத்தா சொல்வார். சரியாக இருக்குமா?

1840 இருக்க முடியாது. அந்தத் தெருவே 1871இல்தான் லண்டனில் திறக்கப்பட்டது. பூட்டும் பெட்டியும் செய்த சப் கம்பெனியின் அதற்கு முந்தைய முகவரி 57 செயின்ட் பால்ஸ் சர்ச்யார்ட். ஆகவே உங்கள் பெட்டி 1871க்குப் பிந்தையது. தகட்டை ஈரத்துணியால் மெல்லத் துடைத்துவிட்டு இன்னொரு முறை படியுங்கள். கடைசியில் "லிமிடெட்" இருந்தால் 1882க்கும் பிந்தையது, ஏனென்றால் அந்த ஆண்டில்தான் அது லிமிடெட் கம்பெனி ஆனது.

இதற்காக அப்பத்தாவைத் தப்பாக நினைக்க வேண்டாம். வீட்டில் முதலில் வேறொரு பெட்டி இருந்து, அதன் கதை இதன்மேல் ஏறியிருக்கலாம். உங்கள் வீட்டில் பழைய பேரேடு, ஐந்தொகைச் சுவடி ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? பெட்டி வாங்கிய செலவு, கப்பல் கூலி, வண்டிச் சத்தம் எல்லாம் அதில்தான் ஏறியிருக்கும். பெட்டியைவிட அந்த நோட்டுகளைப் பத்திரமாக வையுங்கள் என்றுகூடச் சொல்வேன்.

தேவகோட்டையிலிருந்து: கதவில் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் உள்ள சின்னம் இருக்கிறது. விக்டோரியா ராணியின் அரண்மனைப் பெட்டி என்று கடைக்காரர் சொல்லி விற்றார்.

அது பிரிட்டிஷ் அரச முத்திரை. காப்புரிமை அரசர் பெயரால் தரப்பட்டதால் 19ஆம் நூற்றாண்டில் பல பெட்டித் தயாரிப்பாளர்கள் அதைத் தகட்டில் போட்டுக்கொண்டார்கள். அரண்மனைக்கும் உங்கள் பெட்டிக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு அது மட்டும் சாட்சி ஆகாது. சின்னத்துக்குக் கீழே உள்ள சின்ன எழுத்துகளைப் படமெடுத்து வையுங்கள், பெட்டி யாருடையது என்பது அங்கேதான் இருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அம்மப்பாவின் பெட்டகத்துக்குச் சரியான திறப்பு (சாவி) எங்களிடமே இருக்கு. போன மாதம் வரை திறந்தது. பிள்ளைகள் வேறு திறப்புகளைப் போட்டு விளையாடின பிறகு திறக்குதில்லை. சப் பூட்டு. உடைக்கத்தான் வேணுமோ?

உடைக்காதீர்கள்! பூட்டு பழுதாகவில்லை. அதற்குக் கற்றுக்கொடுத்த வேலையைத்தான் செய்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

1817இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கப்பல்துறையில் கள்ளச்சாவி போட்டுத் திருடிவிட்டார்கள். சொந்தச் சாவி தவிர வேறெதற்கும் திறக்காத பூட்டு செய்பவருக்கு 100 பவுண்ட் என்று அரசாங்கம் அறிவித்தது. ஜெரமையா சப் 1818இல் செய்து காட்டியதுதான் "டிடெக்டர்" பூட்டு. உள்ளே அடுக்கடுக்காகப் பித்தளை லீவர்கள், அதாவது சாவி தூக்கும் தகடுகள், இருக்கும். சரியான சாவி ஒவ்வொரு லீவரையும் அதற்குரிய உயரத்துக்கு மட்டும் தூக்கும். வேறு சாவியோ கம்பியோ நுழைந்து ஒரு லீவரைக் கொஞ்சம் அதிகமாகத் தூக்கிவிட்டால், ஒரு கொக்கி அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதன்பிறகு சொந்தச் சாவி போட்டாலும் திறக்காது. யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும்.

அதை விடுவிக்க முதலில் தனிச் சாவி ஒன்று வேண்டியிருந்தது. 1824இல் திருத்திய பிறகு சொந்தச் சாவியே போதும். உங்கள் திறப்பை முழுதாக உள்ளே செலுத்தி, திறக்கும் பக்கம் திருப்பாமல் பூட்டும் பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். கொக்கி விடுபடும்போது விரலில் ஒரு சின்ன "டக்" தெரியும். அப்புறம் வழக்கம்போலத் திறங்கள். வேகம் வேண்டாம். நூறு வருடத்துச் சாவியின் கழுத்து முறிந்தால் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

போர்ட்ஸ்மத்தில் கைதிகளை அடைத்திருந்த கப்பலில் பூட்டுத் தொழிலாளி ஒருவர் இருந்தார். இந்தப் பூட்டைத் திறந்தால் விடுதலை, அதோடு பணமும் என்று கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மூன்று மாதம் முயன்றும் அவரால் முடியவில்லை. 1851இல் லண்டன் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஹாப்ஸ்தான் இதை 25 நிமிடத்தில் திறந்தார். அதே ஆண்டு பிராமா என்ற இன்னொரு கம்பெனியின் பூட்டைத் திறக்க அவருக்கே 16 நாளில் பரவிய 51 மணி நேரம் பிடித்தது.

புதுச்சேரியிலிருந்து: கதவில் எழுத்துகள் பொறித்த நான்கு பித்தளைக் குமிழ்கள், நடுவில் சாவித்துவாரம். ஆங்கிலத்தில் எதுவுமே இல்லை.

பிரெஞ்சுப் பெட்டியாக இருக்க வேண்டும். நாலு எழுத்தைச் சேர்த்துவைத்து, பிறகு சாவி போடும் முறை அவர்களுடையது. பாரிஸில் 1825இல் தொடங்கிய ஃபிஷே, ரைம்ஸ் நகருக்குப் பக்கத்து பௌஷ் இரண்டும் பெட்டித் தயாரிப்பில் பெரிய பெயர்கள். குமிழ்களைச் சும்மா சுற்றாதீர்கள். இப்போது எந்த எழுத்தில் நிற்கின்றனவோ அதை முதலில் படமெடுத்து வையுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: பெட்டியின் அடியிலிருந்து வெள்ளைத் தூள் கொட்டுகிறது. கரையானா?

கரையான் இல்லை. பெரும்பாலும் படிகாரம். பழைய தீக்காப்புப் பெட்டிகளுக்கு இரட்டைச் சுவர் உண்டு. லிவர்பூல் தாமஸ் மில்னர் 1840இல் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து அந்த இடைவெளியில் சூட்டில் நீர் விடும் உப்புகளை வைத்தார்கள். அப்புறம் படிகாரத்தை மரத்தூளோடு கலந்து அடைப்பது பரவலானது. படிகாரத்துக்குள் நிறைய நீர் கட்டுண்டு இருக்கிறது. நெருப்பில் அது ஆவியாகி வெளியேறும்வரை உள்ளே சூடு ஏறாது, பத்திரங்கள் கருகாது.

தூள் கொட்டுகிறது என்றால் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறது. பெட்டியைத் தரையிலிருந்து கட்டை வைத்து உயர்த்துங்கள். சில பெட்டிகளில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் என்பதால் முகக்கவசம் இல்லாமல் கூட்டிப் பெருக்க வேண்டாம்.

ஒரு முறை எனக்குப் பெட்டி வந்து சேர்வதற்குள் யாரோ கதவில் ஐந்து இடத்தில் டிரில் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் வெள்ளைப் படிவு, அதைச் சுற்றிக் காவி நிறத்தில் துரு வழிந்த கோடு. பூட்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. சாவித்துவார மூடிக்குள் பழைய எண்ணெய் இறுகிக் கெட்டியாகிப்போய், சாவி முழுதாக நுழையாமல் நின்றிருக்கிறது. அதைச் சுரண்டி எடுக்கக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கதவைப் பழையபடி ஆக்க இன்றுவரை என்னால் முடியவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து: கோத்ரெஜ் பெட்டி. வருடம் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். பம்பாயில் 1897இல் பூட்டு செய்யத் தொடங்கி, 1902இல் பெட்டிக்கு வந்தார்கள். தகட்டில் "கோத்ரெஜ் அண்ட் பாய்ஸ்... லிமிடெட்" என்று இருந்தால் 1932க்குப் பிந்தையது. பம்பாயின் விக்ரோளிப் பகுதி முகவரி இருந்தால் இன்னும் பின்னால், 1940களுக்கு அப்புறம்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணா, ஆச்சியிடம் மாங்காய் வடிவப் பூட்டு இருக்கிறது. இது நம்ம ஊர்ப் பூட்டுத்தானா?

மாங்காய்ப் பூட்டு நம்ம ஊர் பெயர் சொல்லும் வகைதான் தம்பி. சாவி திருப்பும்போது மணி அடிக்கும் மணிப்பூட்டும் இங்கே செய்தார்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் வடிவத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதே. சாவியின் பல்லை வெயிலில் சாய்த்துப் பார். அரம் போட்ட கோடுகள் ஒன்றுக்கொன்று கோணலாக இருந்தால் கைவேலை. வளையத்திலும் உடலிலும் பட்டறை முத்திரை ஏதாவது அடித்திருக்கிறதா என்று தடவிப் பார். அப்புறம் அதை எடுத்துக்கொண்டு ஊரில் இன்னும் பட்டறை வைத்திருக்கும் பெரியவர்களிடம் போய் உட்கார். அவர்கள் சொல்வதை அன்றே எழுதி வை. இதில் தாமதம் வேண்டாம்.

சிங்கப்பூரிலிருந்து: பூட்டில் ஒரு பேட்டன்ட் எண் மட்டும் உள்ளது. இணையத்தில் தேடினால் சம்பந்தமில்லாத இயந்திரம் வருகிறது.

பிரிட்டிஷ் எண்ணாக இருக்கும். 1852 முதல் 1915 வரை அங்கே ஒவ்வொரு ஆண்டும் எண் ஒன்றிலிருந்து தொடங்கியது, ஆகவே ஆண்டு தெரியாமல் எண்ணால் பயனில்லை. 1916இலிருந்துதான் 100001 என்று தொடர்வரிசை. எண்ணுக்குப் பதிலாகச் சின்ன வைர வடிவ முத்திரை இருந்தால் அது வடிவமைப்புப் பதிவு, 1842க்கும் 1883க்கும் இடைப்பட்டது. மூலைகளில் உள்ள எழுத்துகளையும் எண்களையும் வைத்து ஆண்டு, மாதம், நாள் வரை சொல்லிவிடலாம்.

விருதுநகரிலிருந்து: தகடே இல்லை. நாலு கோட் பெயின்ட் அடித்திருக்கிறது. ஏதாவது வழி உண்டா?

உண்டு. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கதவோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். தகடு இருந்த இடம் முட்டை வடிவத்திலோ கேடய வடிவத்திலோ லேசாகப் பள்ளம் காட்டும், ஆணி இருந்த ஓட்டைகளும் தெரியும். மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அந்த வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதவு திறக்குமானால் உள்பக்கம் பூட்டை மூடியிருக்கும் பித்தளை மூடியைப் பாருங்கள். வெளியே பெயின்ட் அடித்தவர்கள் அதை அனேகமாக விட்டுவைத்திருப்பார்கள். பெயரோ எண்ணோ அங்கே இருக்கும். இரண்டையும் படமெடுத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.