சொதி திரைந்து போனதற்கும் கப்பிப்பாலுக்கும்

வணக்கம் தங்கச்சி. கோயம்புத்தூரிலிருந்து கலியாணம் முடித்து திருகோணமலைக்கு வந்து, மாமி எழுதித் தந்த குறிப்பைப் பார்த்து மீன் சொதி, அதாவது தேங்காய்ப்பாலில் வைக்கிற மீன் குழம்பு, வைத்ததாகவும் பால் திரைந்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். கப்பிப்பால் என்றால் என்ன, தூள் என்றால் எந்தத் தூள் என்றும் கேட்டிருந்தீர்கள்.

திருவிய தேங்காய்ப்பூவை முதல் தரம் பிழிந்தால் வருகிற கெட்டிப்பால்தான் முதற்பால். அதே பூவில் மறுபடி தண்ணீர் விட்டுப் பிழிவது கப்பிப்பால். நீங்கள் இரண்டையும் சேர்த்துக் கொதிக்கவிட்டதுதான் பிழை. வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள், மீன் எல்லாம் கப்பிப்பாலில் அவியட்டும். அப்புறம் அடுப்பைக் குறைத்து, முதற்பாலை விட்டு, மீன் உடையாமல் அகப்பையால் மெல்லத் துழாவிக்கொண்டே இருங்கள். சட்டி ஓரத்தில் சின்னச் சின்னதாய் நுரை கட்டும். நடுவில் கொதி வருமுன் இறக்கிவிட வேண்டும். தேசிக்காய், அதாவது உங்கள் ஊர் எலுமிச்சை, சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான். கொதிக்கும் பாலில் புளிப்பு விட்டால் திரையத்தான் செய்யும்.

தூள் என்று இங்கே சொல்வது செத்தல் மிளகாயோடு, அதாவது காய்ந்த மிளகாயோடு, மல்லி, சீரகம், மிளகு எல்லாம் வறுத்து அரைத்த கறித்தூள். குழம்புக்கு அந்த அளவில் வெறும் மிளகாய்த்தூள் போட்டால் உறைப்புத் தாங்காது. சொதிக்கு மஞ்சளைத் தவிர எந்தத் தூளும் வேண்டாம்.

வாசத்துக்குப் போடுகிற ரம்பை நீளமான பச்சை இலை, சந்தையில் கறிவேப்பிலையோடு வைத்திருப்பார்கள். இரண்டு அங்குலத் துண்டு போதும்.

திரைந்த சொதியைக் கொட்டிவிடாதீர்கள், சாப்பிடலாம். அடுத்த முறை விளைமீன் கிடைத்தால் அதில் வைத்துப் பாருங்கள்.